கப்டன் ஹுமாயூன் கான்: ஒரு மீஸான் கல் சொல்லும் கதை



அமெரிக்காவின் ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் 60ஆம் பிரிவு என்று ஒரு பகுதி உண்டு. ஈராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களில் உயிரிழந்த படையினர் பலர் அங்கேதான் அடக்கப்பட்டிருக்கிறார்கள். வரிசையாக நிற்கும் வெள்ளைக் கற்கள் பலவற்றில் சிலுவை. அவற்றுக்கிடையே பிறையும் நட்சத்திரமும் பொறித்த ஒரு கல் கப்டன் ஹுமாயூன் கானுடையது.

1976இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் பிறந்தவர் அவர். வாப்பா கிஸ்ர் கானும் உம்மா கஸாலாவும் பாகிஸ்தானியர். ஹுமாயூன் சிறுபிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் அமெரிக்கா போய், மேரிலாந்து மாநிலத்தில் குடியேறியது. மூன்று ஆண்பிள்ளைகளில் இவர் நடுவிலானவர். விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். 2000இல் வேர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று இராணுவ அதிகாரியானார். அடுத்து சட்டம் படிக்கும் எண்ணத்தில் இருந்தவரை 2004இல் ஈராக்குக்கு அனுப்பினார்கள்.

அந்த வருட அன்னையர் தினத்தில் உம்மாவுடன் கடைசியாகப் பேசினார். வீரம் காட்டப் போகாதே, பத்திரமாக இரு என்று உம்மா கெஞ்சினார். என் படையினரை நான்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் மகனின் பதில்.

2004 ஜூன் 8. பக்கூபாவுக்கு அருகிலிருந்த முகாமின் வாசலை நோக்கி ஒரு டாக்சி வந்தது. தன் ஆட்களைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, நிறுத்துமாறு கைகாட்டியபடி ஹுமாயூன் மட்டும் முன்னால் நடந்தார். வாகனம் வாசலை எட்டுமுன் குண்டு வெடித்தது. அவருடன் இரண்டு ஈராக்கியப் பொதுமக்களும் மௌத்தானார்கள். அவருக்கு வயது 27.

2015 டிசம்பரில், முஸ்லிம்களை அமெரிக்காவுக்குள் விடவே கூடாது என்றார் டொனால்ட் ட்ரம்ப். 2016 ஜூலையில் பிலடெல்பியா மேடையில் மனைவியுடன் ஏறிய கிஸ்ர் கான், சட்டைப் பையிலிருந்து அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தை எடுத்துக் காட்டி, இதை வாசித்தீர்களா என்று ட்ரம்ப்பைக் கேட்டார். உலகமே ஹுமாயூனின் பெயரை அன்றுதான் கேட்டது.

அந்த யுத்தத்தைச் சரிகாண நாம் இதை எழுதவில்லை. பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லிப் படையெடுத்தார்கள். அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அழிந்தது ஈராக் மக்களின் வாழ்வு. ஆனாலும் தன் பொறுப்பில் இருந்தவர்களைப் பின்னால் நிறுத்திவிட்டு முன்னால் போன அந்தப் பிள்ளையை மறக்க முடியவில்லை.

நம்மை உறுத்துவது வேறொன்று. தாமும் இந்த நாட்டவர்தான் என்று சொல்ல ஒரு வாப்பா தன் மகனின் கப்றைக் காட்ட வேண்டி வந்ததே! கடை வைத்திருப்பவருக்கும், டாக்சி ஓட்டுபவருக்கும், பாடம் நடத்துபவருக்கும் காட்டுவதற்கு அப்படி ஒரு மீஸான் கல் இல்லை. அவர்களும் அதே நாட்டின் பிரஜைகள்தானே? சிறுபான்மையாக வாழும் நமக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல.

இதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்போம். அன்னாரின் பிழைகளை அல்லாஹ் மன்னிப்பானாக.