கடோத்கஜன் பாடிய கல்யாணப் பாட்டு



கல்யாண வீட்டுக்கென்று நம்மிடம் எத்தனையோ பாட்டுகள் உண்டு. நலங்குக்கு ஒரு பாட்டு, ஊஞ்சலுக்கு ஒரு பாட்டு, மணமக்களை வாழ்த்த ஒரு பாட்டு. ஆனால் பந்தியில் இலை போட்டுச் சோறு பரிமாறத் தொடங்கியதும் யாராவது ஒருவர் வாயில் வந்து நிற்கும் பாட்டு எது என்று கேட்டால், எல்லோரும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள். 'கல்யாண சமையல் சாதம்' என்ற பாட்டு. தோட்டத்து லயத்து வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுக் கல்யாணம் நடத்திய பெரியவர்களுக்கும் அது தெரியும். சாலாக் செலாத்தானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மண்டபம் எடுத்துக் கல்யாணம் செய்யும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கும் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தப் பாட்டைப் பாடுபவர் மணமகனும் அல்லர், தாய்மாமனும் அல்லர். ஓர் அரக்கன் பாடுகிறான். மணமக்களை அவன் வாழ்த்தவும் இல்லை. ஊருக்கே சமைத்த விருந்தைத் தான் ஒருவனாகத் தின்று தீர்த்துக்கொண்டே பாடுகிறான். அப்படிப்பட்ட பாட்டு எப்படி உழைக்கும் மக்களின் கல்யாணப் பாட்டாயிற்று? அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

'மாயா பஜார்' என்ற படம் 1957-ஆம் ஆண்டு வெளிவந்தது. சென்னை வடபழனியில் விஜயா வாகினி ஸ்டூடியோவை நடத்திய பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் அதைத் தயாரித்தார்கள். 'அம்புலிமாமா' என்ற சிறுவர் பத்திரிகையை 1947-இல் தொடங்கியவர்களும் இவர்களே. விக்கிரமாதித்தன் வேதாளக் கதையை அதில் படித்து வளர்ந்தவர்கள் நம் நாட்டிலும் பலர் உண்டு. படத்தை இயக்கியவர் கே. வி. ரெட்டி. ஒளிப்பதிவு செய்தவர் மார்கஸ் பார்ட்லி. தெலுங்கு, தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் படம் உருவாயிற்று. தெலுங்குப் படம் மார்ச் மாதம் வந்தது. தமிழ்ப் படம் ஏப்ரலில் வந்தது. என். டி. ராமராவ் கண்ணனாகவும், தமிழில் ஜெமினி கணேசன் அபிமன்யுவாகவும், சாவித்திரி வத்சலாவாகவும், தங்கவேலு லட்சுமண குமாரனாகவும் நடித்தார்கள். கடோத்கஜனாக இரு மொழியிலும் நடித்தவர் எஸ். வி. ரங்காராவ்.

கதை வியாசர் எழுதிய பாரதத்தில் இல்லை. அதில் அபிமன்யுவின் மனைவி உத்தரை. வத்சலா கல்யாணம் என்பது மக்கள் தாங்களாகவே பாரதத்தோடு சேர்த்துக்கொண்ட கதை. தெலுங்கில் இதைச் சசிரேகா பரிணயம் என்பார்கள். பாபுராவ் பெயிண்டர் 1925-இலேயே இதைப் பேசாத படமாக எடுத்திருக்கிறார். தமிழிலும் 1935-இல் இதே கதை படமாயிற்று.

மக்கள் ஏன் இப்படி ஒரு கதையைச் சேர்த்துக்கொண்டார்கள்? கதையைக் கேட்டால் காரணம் தானே விளங்கும். பலராமர் தம் மகள் வத்சலாவை அபிமன்யுவுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். பாண்டவர்கள் சூதில் நாட்டை இழந்து காட்டுக்குப் போனார்கள். கையில் ஒன்றும் இல்லை என்றானதும் பெண் வீட்டில் மனம் மாறிவிட்டது. துரியோதனன் மகனுக்கே பெண் என்று நிச்சயம் செய்துவிட்டார்கள். வசதி போனதும் சம்பந்தம் போயிற்று! இது அரண்மனையில் மட்டும் நடக்கிற காரியமா? லயத்திலும் நடந்ததுதான், நகரத்து அடுக்குமாடி வீட்டிலும் நடப்பதுதான்.

இங்கேதான் கடோத்கஜன் வருகிறான். அவன் பீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்தவன். அபிமன்யுவுக்குப் பெரியப்பா மகன், அதாவது அண்ணன் முறை. தம்பியின் கல்யாணத்துக்கு அண்ணன் செய்ய வேண்டிய வேலையைக் காட்டிலிருந்து வந்து அவன் செய்கிறான். வத்சலாவைத் தூக்கிக்கொண்டு போய்த் தம்பியிடம் சேர்க்கிறான். பிறகு தானே வத்சலா வடிவம் எடுத்து மாப்பிள்ளை வீட்டாரைப் படாதபாடு படுத்துகிறான். அந்தக் கூத்தின் நடுவில்தான், மாப்பிள்ளை வீட்டாருக்காகச் செய்து வைத்த விருந்தைக் கண்டு, உட்கார்ந்து, பாடிப் பாடித் தின்கிறான். ஆகவே அது வெறும் பெருந்தீனிக்காரன் பாட்டு அன்று. பணத்தைப் பார்த்துப் பெண் கொடுத்த கல்யாணத்தின் விருந்தை, ஏழையின் உறவுக்காரன் வந்து காலி செய்கிற பாட்டு. பார்க்கிறவர்களின் சிரிப்பில் ஒரு நியாயமும் சேர்ந்திருக்கிறது.

இனி, பாட்டு உருவான வகையைப் பார்ப்போம்.

ஆந்திர நாட்டில் சுரபி என்று ஒரு நாடகக் குழு உண்டு. கடப்பை மாவட்டத்துச் சுரபி என்ற கிராமத்தில் 1885-இல் தொடங்கியது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் சேர்ந்து நடிப்பார்கள். ஊர் ஊராகக் கொட்டகை போடுவார்கள். கயிறும் கம்பியும் கப்பியும் கொண்டு மேடையிலேயே மாயக்காட்சிகளைக் காட்டுவார்கள். மாயா பஜார் அவர்களுடைய புகழ்பெற்ற நாடகங்களில் ஒன்று. அந்த மேடையில் பாடிய பழைய பாட்டின் வழியில் வந்ததுதான் தெலுங்குப் படத்தின் 'விவாஹ போஜனம்பு' என்ற பாட்டு. படத்துக்கு எழுதியவர் பிங்களி நாகேந்திரராவ். தெலுங்கில் பாடியவர் மாதவபெத்தி சத்யம். படத்தின் இசையை முதலில் தொடங்கிய எஸ். ராஜேஸ்வரராவ் நான்கு பாட்டுகளோடு விலகிக்கொள்ள, மற்றவற்றைக் கண்டசாலா அமைத்தார். விருந்துப் பாட்டும் அவர் பொறுப்பிலேயே அமைந்தது.

தமிழில் எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ். தஞ்சாவூர்க்காரர். பள்ளி ஆசிரியராக இருந்து, நாடகக் குழு நடத்தி, பிறகு சினிமாவுக்கு வந்தவர். 'பாதாள பைரவி', 'மிஸ்ஸியம்மா' முதலிய விஜயா படங்களுக்கும் தமிழில் எழுதியவர். அவருக்கு இங்கே வந்த வேலை எளிதான வேலையா? மெட்டு முன்பே முடிவாகிவிட்டது. கடோத்கஜன் எங்கே வாய் திறக்கிறான், எங்கே சிரிக்கிறான் என்பதும் முடிவாகிவிட்டது. அந்த அளவுக்குள் தமிழ்ச் சொல் அடங்க வேண்டும். அதைக் கேட்கிறவனுக்கு நாக்கில் நீரும் ஊற வேண்டும்.

தெலுங்குப் பாட்டில் ஆந்திர வீட்டுக் கல்யாணப் பண்டங்கள் வரிசையாக வருகின்றன. காரெலு என்பார்கள், பூரெலு என்பார்கள், அரிசெலு என்பார்கள். இவற்றை அப்படியே தமிழில் சொன்னால் தஞ்சாவூரில் யார் நாக்கில் நீர் ஊறும்? ராமையாதாஸ் அடுப்பையே மாற்றிவிட்டார். பஜ்ஜியும் சொஜ்ஜியும் புளியோதரையும் சாம்பாரும் பூரியும் தமிழ்ப் பாட்டுக்குள் வந்தன. துவாபர யுகத்து அரண்மனையில் பூரிக் கிழங்கு ஏது என்று யாரும் கேட்கவில்லை. கௌரவர் வீட்டுச் சாப்பாடு என்பதையும் கௌரவமான சாப்பாடு என்பதையும் ஒரே சொல்லில் பொதிந்து வைத்து நகைச்சுவையும் செய்தார். மொழிபெயர்ப்பு என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் இந்த ஒரு பாட்டைக் காட்டலாம். சொல்லுக்குச் சொல் வைப்பது சுலபம். ஒரு வீட்டுச் சமையலை இன்னொரு வீட்டு இலையில் பரிமாறத் தெரிய வேண்டும்.

தமிழில் பாடியவர் திருச்சி லோகநாதன். 'மந்திரி குமாரி' படத்தில் 'வாராய் நீ வாராய்' பாடியவர் அவர்தான். அங்கே மலைமேல் மனைவியை அழைத்துப் போகிற குரல். இங்கே கட்டுக்கடங்காத பசியும் சிரிப்பும் கொண்ட குரல். திரையில் தட்டுகள் தாமே நகர்கின்றன; லட்டுகள் தாமாகவே எழும்பி வாய்க்குள் போகின்றன. அந்நாளில் கணினி கிடையாது. நூலும் கம்பியும், படச்சுருளைப் பின்னோக்கி ஓட்டுவதும், ஒரே சுருளில் இருமுறை பதிவு செய்வதும்தான் மாயத்துக்குக் கருவிகள். இத்தனையும் நம்பும்படி இருப்பதற்கு ரங்காராவின் முகம் ஒரு காரணம். ஒவ்வொரு பண்டத்தையும் அவர் பார்க்கிற பார்வையில் ஆசை தெரியும். அரக்கனின் ஆசை அன்று, ஒரு குழந்தையின் ஆசை.

பாட்டின் உயிர் அதன் சிரிப்பு. சொல்லுக்கு நடுவே, தாளத்தோடு, மெட்டோடு அந்தச் சிரிப்பு வருகிறது. மெட்டோடு சிரித்துப் பாடுகிற இந்த வழக்கத்துக்கு உலகத்தில் ஒரு நீண்ட வரலாறு உண்டு.

ஜார்ஜ் ஜான்சன் என்று ஒரு கறுப்பினப் பாடகர் இருந்தார். அமெரிக்காவின் வர்ஜீனியாவில், அடிமை முறை நடந்த காலத்தில், 1846 வாக்கில் பிறந்தவர். நியூயார்க் படகுத்துறைகளில் சீழ்க்கையடித்தும் பாடியும் சில்லறைக் காசு பெற்றவர். ஒலிப்பதிவு பிறந்த புதிதில், 1890 முதல், அவருடைய சிரிப்புப் பாட்டை மெழுகு உருளைகளில் பதித்து விற்றார்கள். அன்று ஒரு பதிவிலிருந்து ஆயிரக்கணக்கில் படி எடுக்கும் வசதி இல்லை. ஒரு தடவை பாடினால் சில உருளைகளில்தான் பதியும். அடுத்த சில உருளைகளுக்கு மறுபடியும் பாட வேண்டும், மறுபடியும் சிரிக்க வேண்டும். ஒரே நாளில் அதே பாட்டைப் பல பத்துத் தடவை பாடினார். பாடிய தடவைக்குத்தான் கூலி. வெட்டின பாலுக்கு எடை பார்த்துக் கூலி வாங்கிய நம் மக்களுக்கு அந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. படி எடுக்கும் வசதி வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்தது. 1914-இல் வறுமையில் இறந்தார். பிறகு 1922-இல் சார்லஸ் பென்ரோஸ் என்ற ஆங்கிலேயர் அதே மெட்டில் 'சிரிக்கும் போலீஸ்காரர்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். அது உலகமெங்கும் பரவியது. அதையும் கடோத்கஜன் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்கள், மெட்டிலும் சிரிக்கும் முறையிலும் உள்ள ஒற்றுமையைப் பார்த்து வியக்கிறார்கள்.

நேயர்களே, இனி நம் நாட்டுக்கு வருவோம்.

படம் வந்த 1957-ஆம் ஆண்டு மலாயா சுதந்திரம் பெற்ற ஆண்டு. அன்று தோட்டத்தில் இருந்தவர்களுக்குச் சோறு என்றால் என்ன என்பதை நினைத்துப் பாருங்கள். ஜப்பானியர் ஆட்சி முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த ஆட்சியில் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி வருவது தடைப்பட்டது. மக்கள் மரவள்ளிக் கிழங்கையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் தின்று உயிர் பிழைத்தார்கள். பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம்.

அது முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1948-இல், அவசரகாலம் வந்தது. காட்டில் இருந்த கெரில்லாக்களுக்கு உணவு போகக்கூடாது என்று அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது. டின்னில் அடைத்த உணவைக் கடைக்காரர் துளையிட்டுத்தான் விற்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. நம் சிலாங்கூரிலேயே, செமினி என்ற ஊரில், பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள் வாழ்ந்த குடியிருப்பில், விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்தி உணவு ஏதும் கொண்டுபோகிறார்களா என்று சோதித்தார்கள். பெண்களைச் சோதித்த முறை குறித்து எழுந்த புகாரால் 1956-இல் அரசாங்கமே விசாரணை நடத்த நேர்ந்தது. ஒரு பிடிச் சோறு போலீஸ் விவகாரமாக இருந்த காலம் அது!

அந்தக் காலத்து மக்களிடம்தான் இந்தப் பாட்டு வந்து சேர்ந்தது. ஒருவன் உட்காருகிறான். அவனைச் சோதிப்பார் இல்லை, அளந்து போடுவார் இல்லை. கேட்டது வருகிறது, வேண்டிய மட்டும் உண்கிறான், உண்டு முடித்துச் சிரிக்கிறான். பட்டணத்துப் பணக்காரருக்கு அது வேடிக்கைப் பாட்டு. பெரட்டுக்கு விடியுமுன் எழுந்து ஓடியவர்களுக்கு அது இன்னும் கொஞ்சம் ஆழமாகவே பட்டிருக்கும். தோட்டத்தில் ஆண்டு முழுவதும் அளந்து சாப்பிட்டவன், அளக்காமல் சாப்பிடுகிற நாள்கள் திருவிழா, தீபாவளி, கல்யாணம் என்று ஒரு கை விரலுக்குள் அடங்கும். கல்யாணத்தில் லயமே சேர்ந்து காய் நறுக்கும். கிராணி வீட்டுப் பாத்திரமும் வரும், கோயில் அண்டாவும் வரும். அன்று ஒலிபெருக்கியில் அந்தச் சிரிப்பு கேட்டால், 'இன்றைக்குக் குறைவில்லை, வயிறார உண்ணுங்கள்' என்று ஊருக்கே சொன்ன மாதிரி.

படத்தின் புகழ் இன்றும் குறையவில்லை. தெலுங்கு மாயா பஜாருக்கு 2010-இல் வண்ணம் சேர்த்து மீண்டும் வெளியிட்டார்கள். பாட்டின் முதல் அடியையே பெயராக வைத்து 2013-இல் ஒரு தமிழ்ப் படம் வந்தது. ராமையாதாஸ் 1965-இல் மறைந்தார். ரங்காராவும் கண்டசாலாவும் 1974-இல் மறைந்தார்கள். லோகநாதன் 1989-இல் மறைந்தார். நம் பக்கத்தில் தோட்டங்களும் மறைந்தன. பெட்டாலிங் ஜெயாவும் ஷா ஆலாமும் ஒரு காலத்தில் கித்தாத் தோட்டங்கள் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. லயம் போயிற்று, பெரட்டுக்களம் போயிற்று. பந்தியில் அந்தப் பாட்டு மட்டும் நிற்கிறது.

பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுக்கும் பெற்றோர்கள் அதன் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏழையாகிவிட்ட தம்பிக்காக அண்ணன் வந்த கதையைச் சொல்லுங்கள். ஊர் ஊராகக் கொட்டகை போட்ட நாடகக் குடும்பத்தையும், ஒரே சிரிப்பை நாளெல்லாம் சிரித்துக் கூலி வாங்கிய பாடகரையும் சொல்லுங்கள். உங்கள் தாத்தாவும் பாட்டியும் ஒரு பிடி அரிசிக்குப் பட்ட பாட்டையும் சொல்லுங்கள். அப்போதுதான் கல்யாண இலையில் சோற்றை மிச்சம் வைத்து எழுந்திருக்கப் பிள்ளைகளுக்கு மனம் வராது.