மணியார்டர் துண்டு

புரசைவாக்கத்தில் ஏழு குடித்தனம் இருந்த ஒரு ஸ்டோரில் வளர்ந்தவள் நான். 1974இல் எங்கள் பகுதிக்கு வாடகை 65 ரூபாய். அப்பாவுக்கு ஆலையில் 10ஆம் தேதிதான் சம்பளம். ஆயிரம் பேருக்குக் குறைவாக இருந்தால் 7ஆம் தேதிக்குள், அதற்கு மேல் இருந்தால் 10ஆம் தேதிக்குள் கொடுக்கலாம் என்றது அப்போதிருந்த 1936ஆம் வருடத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். அப்பாவின் ஆலை பெரியது. வீட்டுக்கார அம்மாவோ 5ஆம் தேதி காலையிலேயே முற்றத்துக்கு வந்துவிடுவார்.

"அஞ்சாம் தேதி தாண்டினா பத்து ரூபா சேத்துக் குடுத்துடணும்."

"சம்பளமே பத்தாம் தேதிதாங்கம்மா போடறாங்க."

அந்தப் பத்து ரூபாய் எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக் காய்கறி. அப்பா கொடுக்கவில்லை. அந்த அம்மா வாடகையையே வாங்க மறுத்தார். வாடகை நோட்டில் கையெழுத்துப் போடுவதையும் நிறுத்திவிட்டார். வாங்காமலே இருந்துவிட்டு, பிறகு பாக்கி என்று வழக்குப் போட்டுக் காலி செய்ய வைப்பது அந்தக் காலத்தில் பலர் செய்த காரியம்.

தெருமுனையில் இருந்த ஒரு வக்கீல் குமாஸ்தாதான் அப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்துச் சட்டத்தைச் சொன்னார். போர்க்காலத்தில், 1941இல், சென்னை வாடகைக்கு ஓர் உத்தரவின் மூலம் கடிவாளம் போட்டார்கள். அதுவே 1946இலும் 1949இலும் சட்டமாகி, கடைசியில் 1960ஆம் வருடத்து 18ஆம் எண் சட்டமாக நிலைத்தது. வாடகைக்கு மேல் 'பிரீமியம்' மாதிரியான தொகை எதையும் வீட்டுக்காரர் கேட்கக் கூடாது. அட்வான்ஸ்கூட ஒரு மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. கெடு விஷயத்தில் அந்தச் சட்டம் காட்டிய பொறுமை இன்றைக்கும் எனக்கு வியப்புதான். ஒப்பந்தத்தில் தேதி இருந்தால் அதற்கு மேல் 15 நாள். வாய்ப்பேச்சாகக் குடிவந்தவர்களுக்கு அடுத்த மாதத்தின் கடைசி நாள் வரை. எங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. ஆகவே மார்ச் வாடகைக்கு ஏப்ரல் 30 வரை அவகாசம் இருந்தது! ஏப்ரல் 6ஆம் தேதி தண்டம் கேட்க எந்த நியாயமும் இல்லை.

அதையும் தாண்டினால்கூட, வேண்டுமென்றே கட்டாமல் இருந்தாரா என்று பார்ப்பார்கள். இல்லையென்று பட்டால் வாடகைக் கன்ட்ரோலர் 15 நாள் வரை தவணை தரலாம். வீட்டுக்காரர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால் அது வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளப்படும் என்று 1973இல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள்.

குமாஸ்தா சொன்னபடி அப்பா முதலில் பதிவுத் தபால் அனுப்பினார்: 10 நாளுக்குள் ஒரு பாங்கின் பெயரைச் சொல்லுங்கள், அதில் கட்டிவிடுகிறேன் என்று. பதில் இல்லை. அடுத்து மணியார்டர். அதற்கான கமிஷனை வாடகையிலேயே கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. பாரத்தின் அடித்துண்டில் "மார்ச் மாத வாடகை" என்று அப்பா மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதியது என் கண்ணில் நிற்கிறது. வாங்க மறுத்ததாகத் தபால்காரர் எழுதி, பணம் திரும்பி வந்தது. அந்தக் காகிதத்தோடு ஐகோர்ட் வளாகத்து ஸ்மால் காஸ் கோர்ட்டுக்குப் போய், கன்ட்ரோலரிடம் வாடகையைக் கட்டினார். அதற்காக அரை நாள் சம்பளம் போனது.

ஐந்து மாதம் கழித்து அந்த அம்மா மணியார்டரை வாங்கிக்கொண்டார். பத்து ரூபாய்ப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

அந்த வாடகைச் சட்டத்தின் இடத்தில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம்; தாமத வட்டியை அதிலேயே எழுதிக்கொள்ளலாம். அளவுக்கு மீறி எழுதினாலும், நியாயமான நஷ்டத்துக்கு மேல் கிடைக்காது என்கிற 1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இருக்கவே இருக்கிறது. போன மாதம் என் மகன் பெரம்பூரில் வீடு பிடித்தபோது ஒப்பந்தத்தை வாங்கி, முதலில் அந்த வட்டி வரியைத்தான் தேடிப் படித்தேன்.

அப்பாவின் துண்டுகள் இன்னும் கம்பியில் குத்தியபடியே இருக்கின்றன. முதல் ஐந்தில் தபால்காரரின் எழுத்து. ஆறாவதில் வீட்டுக்கார அம்மாவின் கையெழுத்து.