மறைத்த கலையை வரைந்து வைத்தவர்

கயிறு எளிய பொருள். நீர் இறைக்கவும் மாடு கட்டவும் பாரம் ஏற்றவும் எல்லா நாட்டு மக்களும் அதனைக் கையாண்டு வந்துள்ளனர். ஆயினும் மனிதனைக் கட்டுவதையே ஒரு கலையாகப் பயின்று, அதற்கு விதி வகுத்து, ஆசிரியர் மாணவர் மரபாக வளர்த்த வரலாறு ஜப்பானுக்கு உண்டு. 'ஹோஜோஜுட்சு' என வழங்கும் அக்கலையின் சுவடுகள் அழியாமல் காத்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர், 1966இல் மறைந்த புஜிதா செய்கோ.

1603 முதல் 1868 வரை நீடித்த தொகுகவா ஆட்சியில் இக்கலை செழித்தது. காவலர் இருவகைக் கயிறுகளைக் கையாண்டனர். பிடிபட்டவன் திமிறும்போதே விரைந்து சுற்றுவது 'ஹயனவா'. பின்னர் அவனை வழக்கு மன்றத்துக்கோ கொலைக்களத்துக்கோ அழைத்துச் செல்லும்போது நிதானமாகக் கட்டுவது 'ஹொன்னவா'. போர்வீரர், துறவி, பெண்டிர், பொதுமக்கள் என ஒவ்வொருவர்க்கும் கட்டும் முறை வேறுபட்டது. குற்றம் உறுதிப்படாத ஒருவனை முடிச்சிட்டுக் கட்டுவது அவனுக்கு இழுக்கு என்று கருதி, பிடிக்கும் நேரத்தில் முடிச்சின்றிச் சுற்றிவைக்கும் வழக்கமும் இருந்தது.

இக்கலைக்கு நான்கு விதிகள் கூறுவர். கட்டுண்டவன் நழுவிச் செல்லலாகாது. அவன் உடலும் உள்ளமும் புண்படலாகாது. கட்டும் நுட்பம் பிறர் கண்ணுக்குப் புலப்படலாகாது. கட்டி முடித்தபின் அது காண்பதற்கு அழகாக இருத்தல் வேண்டும். கைதியைக் கட்டும் தொழிலில் இரக்கமும் அழகும் விதிகளாக இடம்பெற்றமை எண்ணத்தக்கது.

ஆயினும் மூன்றாம் விதியே கலைக்குக் கேடாகவும் முடிந்தது. நுட்பம் வெளிப்பட்டால் கட்டை அவிழ்க்கும் வழியும் வெளிப்பட்டுவிடும் என அஞ்சி, ஒவ்வொரு மரபும் தன் முறைகளை ஒளித்து வைத்தது. மாணவர்க்கு நேரில் கற்பித்ததும், மறைவாகக் காத்த சுருளேடுகளில் குறித்து வைத்ததுமே எஞ்சின. 1868க்குப் பின் போர்வீரர் ஆட்சி மறைந்து புதிய காவல்துறை எழுந்தது, கைவிலங்கும் வந்தது. கற்பார் குறைந்தனர். ஆசிரியர் மறைந்தபோது அவர் அறிந்த முடிச்சுகளும் உடன் மறைந்தன.

இந்நிலையில்தான் புஜிதாவின் பணி முக்கியத்துவம் பெறுகிறது. கொகா நிஞ்சா மரபின் பதினான்காம் தலைவர் எனத் தம்மைக் கூறிக்கொண்டவர் அவர். போர்க்காலத்தில் இராணுவத்தின் நகானோ பள்ளியில் பயிற்சி அளித்தவர். பழைய போர்க்கலை ஏடுகளைத் தேடித் திரட்டினார். 1964இல் 'சுகாய் ஹோஜோஜுட்சு' என்னும் விளக்கப்பட நூலை வெளியிட்டார். பல மரபுகளின் கட்டுகள் அதில் படங்களாக இடம்பெற்றன. எதைக் காட்டலாகாது என முன்னோர் விதித்தனரோ, அதனையே அவர் அச்சில் காட்டினார். விதியை மீறியதால் கலை பிழைத்தது. அவர் திரட்டிய ஏடுகள் ஒடவாரா நகர நூலகத்தில் அவர் பெயரால் அமைந்த தொகுப்பில் இடம்பெற்றன.

படம் மட்டும் கலையாகிவிடாது என்பதும் உண்மையே. கயிற்றை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைக் கோடுகள் சொல்லா. அதனைக் கையே கைக்குக் கற்பிக்கும். ஷின்தோ முசோ மரபில் இணைந்துள்ள இத்தத்சு மரபின் கயிற்றுமுறை அவ்வாறு நேரில் கற்பிக்கப்பட்டு வருகிறது. அம்மரபின் ஆசிரியர் ஷிமிசு தகாஜி (1896–1978) தோக்கியோ காவலர்க்குப் பயிற்சி அளித்தார். ஏடும் கையும் சேர்ந்தே மரபைக் காக்கின்றன.

எனினும் இந்நூல்கள் யாவும் கட்டியவர் பக்கமே பேசுகின்றன. கட்டுண்டவர் பக்கம் பேசியது நாடகமே. 1757இல் ஒசாகாவில் பொம்மலாட்டமாக அரங்கேறி, பின் கபுகியிலும் நிலைத்த நாடகம் ஒன்றின் 'பொன் மாடக் காட்சி'யில், இளவரசி யுகி செர்ரி மரத்தில் கட்டப்படுகிறாள். உதிர்ந்த மலர்களைக் கொண்டு காற்பெருவிரலால் எலிகளை வரைகிறாள். அவ்வெலிகள் உயிர்பெற்றுக் கயிற்றைக் கடித்து அறுக்கின்றன.

யாப்பு என்றால் கட்டுதல் என்றும், தளை என்றால் விலங்கு என்றும் பொருள் அறிந்த தமிழ்க் கவிஞர்க்கு இவ்வரலாறு முற்றிலும் அயலானதன்று. நழுவாமலும் புண்படுத்தாமலும் அழகாகவும் கட்டுவது சொல்லுக்கும் பொருந்தும். கற்றதைத் தம்மோடு கொண்டு செல்லாமல் பின்வருவோர்க்கு விட்டுச்சென்றவர் என்ற வகையில் புஜிதா செய்கோவின் நினைவு போற்றத்தக்கது.