சிறுநீரக மாற்றுக்குப் பின் எலும்புப்புரை: ஒரு வரலாறு

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, முதல் சில மாதங்களிலேயே எலும்பின் தாது அடர்த்தி விரைந்து குறைவதுண்டு. அது முற்றி எலும்புப்புரை நோயானால், இலேசாகத் தடுக்கி விழுந்தாலும் எலும்பு முறியும். இதற்கு முக்கியக் காரணம், மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மருந்து. அதன் இயல்பு முன்பே தெரிந்திருந்தும், மாற்று நோயாளிகளிடம் எலும்பிழப்பு துல்லியமாக அளக்கப்படப் பல ஆண்டுகள் சென்றன.

1954 டிசம்பர் 23 அன்று, பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில், ரொனால்டு ஹெரிக்கின் சிறுநீரகத்தை அவருடன் இரட்டையராகப் பிறந்த ரிச்சர்டுக்கு ஜோசப் மரே குழுவினர் பொருத்தினர். இருவரும் ஒரே கருவிலிருந்து உருவானவர்கள். எனவே உடல் புதிய உறுப்பை அயலாகக் கருதவில்லை. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் தேவைப்படவில்லை. பிறருக்கு இந்த வாய்ப்பு இல்லை. 1963இல் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல், அசாத்தியோபிரினுடன் பிரட்னிசோன் என்னும் ஸ்டீராய்டைப் பெரும் அளவில் சேர்த்துக் கொடுத்து, தொடங்கிவிட்ட உறுப்பு நிராகரிப்பையும் பின்வாங்கச் செய்யலாம் என்று காட்டினார். இந்த இரு மருந்து முறை உலகெங்கும் பரவியது. 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்ததும் அந்தக் காலகட்டத்தில்தான்.

ஸ்டீராய்டு எலும்பை மெலியச் செய்யும் என்பது புதிய செய்தியன்று. உடலிலேயே இச்சுரப்பு மிகுந்தவர்களுக்கு முகம் உருண்டு, எலும்பு மெலிவதை ஹார்வி குஷிங் 1932இல் விவரித்திருந்தார். முடக்குவாதத்துக்கு 1948இல் கார்ட்டிசோன் பயன்படத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், அதை உட்கொண்டோரின் முதுகெலும்பு முறிவுகளும் பதிவாயின. ஆயினும் மாற்றுச் சிகிச்சையாளர்களை முற்றாகக் குறைகூற இயலாது. டயாலிசிஸ் வசதி அரிதாயிருந்த நாளில், சிறுநீரகம் நின்றுபோனால் உயிரும் போகும். எலும்பைப் பற்றிக் கவலைப்பட நோயாளி முதலில் பிழைத்திருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரிந்த கேடு இடுப்பில்தான் வெளிப்பட்டது. தொடையெலும்பின் தலைப்பகுதி இரத்த ஓட்டமின்றி மடிந்து, இளைஞர்கள் நொண்டத் தொடங்கினர். (இதை எலும்புப்புரையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, மருந்து ஒன்றே எனினும் நோய் வேறு.) எலும்புப்புரையோ ஓசையின்றி வளர்வது. சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரிவதற்குள் எலும்பின் தாதுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும்.

மேலும், இந்நோயாளிகள் அறுவைக்கு வரும்போதே எலும்பு நலங்குன்றியவர்கள். வைட்டமின் டி அதன் செயல்திறன் மிக்க வடிவத்தைச் சிறுநீரகத்தில்தான் பெறுகிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் ஃபிரேசரும் கோடிசெக்கும் 1970இல் கண்டறிந்தனர். சிறுநீரகம் பழுதானால் இது குறையும். பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்து எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கும். மாற்றுச் சிறுநீரகம் வந்த பின்னும் அச்சுரப்பி உடனே அடங்கிவிடுவதில்லை.

இவ்வளவு ஸ்டீராய்டு தேவையா என்னும் வினாவுக்கு ஒரு விடை பெல்ஃபாஸ்ட் நகரில் கிடைத்தது. அங்கு மேரி மெக்கியோன் குழுவினர் 1968 முதல், தொடக்கத்திலிருந்தே குறைந்த அளவு ஸ்டீராய்டு கொடுத்து வந்தனர். தம் முதல் 100 மாற்றுகளின் நல்ல விளைவுகளை 1977இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். பெரும் அளவே பாதுகாப்பு என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1978இல் ராய் கால்னே சைக்ளோஸ்போரினைச் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதன் பின் ஸ்டீராய்டை மேலும் குறைக்க வழி பிறந்தது.

1991இல் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து புரூஸ் ஜூலியன் குழுவினரின் ஆய்வு வந்தது. மாற்று பெற்ற 20 பேரிடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி, முதல் 6 மாதங்களில் சராசரியாக 6.8 விழுக்காடும், 18 மாதங்களில் 8.8 விழுக்காடும் குறைந்திருந்தது. அதாவது இழப்பின் பெரும்பகுதி, ஸ்டீராய்டு மிகுதியாகக் கொடுக்கப்படும் முதல் அரையாண்டிலேயே நேர்ந்துவிடுகிறது. நோயாளியும் குடும்பமும் புதிய சிறுநீரகம் வேலை செய்கிறதென்று மகிழ்ந்திருக்கும் காலம் அது!

எலும்புச் சிதைவைத் தடுக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் அடுத்துச் சோதிக்கப்பட்டன. அடர்த்தி குறைவது தடைப்பட்டது. ஆனால் 2003இல் வெளியான பாமிட்ரோனேட் ஆய்வில், மருந்து பெற்றவர்களின் எலும்பில் பழையது கரைந்து புதியது உருவாகும் இயக்கமே மந்தப்பட்டிருந்தது தெரியவந்தது. எனவே இன்று எல்லாருக்கும் ஒரே மருந்து என்ற முறை இல்லை. ஸ்டீராய்டின் அளவு, பாராதைராய்டு சுரப்பு, வைட்டமின் டி, அடர்த்தி அளவீடு, தேவைப்பட்டால் எலும்புத் துணுக்கின் ஆய்வு ஆகியவற்றைப் பார்த்தே மருத்துவர் முடிவெடுக்கிறார்.