நா ஏன் நடுங்குகிறது?

பருத்தியும் உளுந்தும் விளையும் கரிசல் காட்டிலே, பசுவந்தனையிலே பிறந்த பிள்ளை, பள்ளிப் பருவம் முழுதும் ஆங்கிலப் புத்தகத்தைச் சுமக்கிறான். எழுத்துத் தேர்விலே வெற்றியும் பெறுகிறான். கோவில்பட்டிக்குக் கல்லூரி தேடிச் சென்ற அன்று, "உன்னைப் பற்றி ஆங்கிலத்திலே நாலு வார்த்தை சொல்" என்கிறார்கள். நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நா மேலண்ணத்திலே ஒட்டிக்கொள்கிறது. கூச்ச சுபாவம் என்கிறார் தந்தை. தலையெழுத்து என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். தலையெழுத்து! மனிதர் செய்த காரியத்தை மறைக்க எந்நாளும் கைகொடுத்த சொல்லன்றோ அது! தோழர்களே, இந்த நடுக்கமும் மனிதர் செய்ததே.

1835-ல் மெக்காலே தீட்டிய குறிப்பு, ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே நின்று பொருள் சொல்ல ஒரு கூட்டத்தை வேண்டிற்று. ஊருக்கெல்லாம் ஆங்கிலம் என்பதல்ல அதன் நோக்கம். 1839-ல், ஆங்கிலக் கல்லூரி வேண்டுமென்று எழுபதினாயிரம் கையொப்பங்களோடு சென்னை ஆளுநர் எல்பின்ஸ்டனிடம் மனு சென்றது. 1857-ல் சென்னைப் பல்கலைக் கழகம் எழுந்தது. நுழைந்தோர் பெரும்பாலும் யார்? ஏடும் எழுத்தாணியும் முன்பே கைவரப் பெற்றோர்! உழவனுக்கோ, ஆங்கிலம் கச்சேரியிலே கேட்ட குரல். அதிகாரி ஆங்கிலத்திலே ஆணையிட, இவன் தமிழிலே கைகட்டி நின்றான். உறவாடக் கேட்ட மொழியல்ல, உத்தரவிடக் கேட்ட மொழி. அச்சம் அங்கே விதைக்கப்பட்டது. தாளிலே எழுதும் தேர்வு அதற்கு நீர் வார்த்தது. எழுதினால் மதிப்பெண் உண்டு, பேசினால் இல்லை என்றால், எந்த ஆசிரியர் பேசச் சொல்லித் தருவார்?

இதை உணர்ந்தோர் இல்லாமலில்லை. 1959-ல் சென்னை மாநிலத்திலே, தொடக்க நிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் பெருமுயற்சி தொடங்கிற்று. பயின்றவர் பிறரைப் பயிற்றுவிப்பார், அவர் இன்னும் பலரை. உருள உருளப் பெருக்குமாம். பனியே காணாத நாட்டிலே அதற்குப் பனியுருண்டை என்று பெயர்! இலக்கண விதிக்கு முன்பு வாய்ப்பயிற்சி என்ற எண்ணம் நல்லதே. ஆனால், ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போகும் மோர், போகப் போக நீர்த்துவிடும். தேர்வுத் தாளோ அசையவில்லை.

1968 சனவரி 23-ல், தமிழும் ஆங்கிலமும் போதும் என்று சட்டமன்றம் தீர்மானித்தது. சாளரம் வேண்டுமென்று போராடிப் பெற்றோம். அதைத் திறக்கும் பயிற்சியை ஏழைப் பிள்ளைக்குத் தந்தோமா? மேடையிலே இருமொழிக் கொள்கை முழங்கும் நாம் கூசாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் வேறொரு சோதனை நடந்தது. நடத்தியவர் என். எஸ். பிரபு. வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடி, கால அட்டவணையைப் பார்த்து வண்டி நேரம் சொல் என்று பிள்ளைகளுக்கு வேலை தந்தார். "பேசு, பேசு" என்று தொடக்கத்திலேயே நெருக்கவில்லை. சிந்தை பொருளிலே ஆழ்ந்தது, சொல் பின்னே வந்தது. 1986-ல் ஆர்விட்சு முதலான அமெரிக்க ஆய்வாளர் மூவர், அயல்மொழி வகுப்பின் அச்சத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தனர். பிறர் நம்மைக் குறைத்து மதிப்பிடுவாரோ என்ற கலக்கம் அதிலே முக்கியமான ஒரு கூறு. நம்மூர்ச் சொல்லிலே கூறினால், சிரிப்புக்கு அஞ்சுதல்.

அந்தச் சிரிப்பை ஒழித்துக் காட்டியவர் நம் முன்னோர். முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஏடுகள் உரக்கப் படிக்கப்பட்ட காலத்திலே, எழுத்துக்கூட்டிப் படித்தவனை எவரும் எள்ளவில்லை. அடுத்த ஆண்டு அவன் தெருமுனையிலே பேசினான்!

ஆசிரியத் தொழிலிலே இருக்கும் நான் என் வகுப்பிலே இரண்டு விதிகள் வைத்திருக்கிறேன். பேசும்போது எவரும் சிரிக்கக் கூடாது. பேசி முடிக்கும்வரை நான் திருத்தக் கூடாது. தாய் தீப்பெட்டி ஆலையிலே செய்யும் வேலையை, தந்தை பருத்திக்கு மருந்தடிக்கும் முறையை, அறிந்த ஆங்கிலத்திலே பிள்ளைகள் சொல்கிறார்கள். காலம் பிழைக்கிறது, ஒருமை பன்மை பிழைக்கிறது. பாதியிலே சொல் கிட்டாதபோது தமிழ்ச் சொல்லைப் போட்டுக்கொண்டு மேலே செல்கிறார்கள். கடைசி வரிசைக்கும் கேட்கிறது.