சோழியும் கிரகணமும்

வெள்ளி சூரியனைக் கடக்கும் காட்சியை அவதானிக்கவெனப் பிரான்சிலிருந்து கீழைத்தேயம் நோக்கிப் புறப்பட்ட லெ ஜென்ரில் என்னும் வானியலறிஞர் 1761இற் கடலில் அகப்பட்டுக்கொண்டார். 1769இற் புதுச்சேரியில் முகில் மறைத்தது. எனினும் அவரது பயணம் முற்றாக வீண்போகவில்லை. தமிழர் கிரகணம் கணிக்கும் முறையைப் புதுச்சேரியில் அவர் கற்றறிந்தார். 1765 ஆகஸ்ட் 30ஆந் திகதிச் சந்திரகிரகணத்தின் கால அளவு அம்முறைப்படி 41 செக்கன் குறைவாக வந்தது. ஐரோப்பாவில் நன்மதிப்புப் பெற்றிருந்த மயரின் அட்டவணைப்படியோ 68 செக்கன் மிகையாக வந்தது.

இதனை மட்டும் எடுத்துக்காட்டிப் பெருமை கொள்வது எளிது. ஆயின் 1825ஆம் ஆண்டுச் செய்தியையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். அவ்வாண்டிற் சென்னையில் வெளிவந்த 'காலசங்கலித'த்தின் ஆசிரியர் ஜோன் வொரன், புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கண்டார். ஏடோ எழுதுகோலோ இன்றி, நிலத்தில் சோழிகளைப் பரப்பி, மனனஞ் செய்த வாய்பாடுகளைக் கொண்டே அவர் சந்திரகிரகணமொன்றைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை நேர்ந்தது. வானியற் கொள்கை எதனையும் அவர் அறிந்திலர் என்பதையும் வொரன் குறித்துள்ளார்.

கொள்கை அறியாதவர் கிரகணத்தை எங்ஙனம் கணித்தார்? விடை சந்திரனின் கதியில் உள்ளது. சந்திரன் சிலநாள் விரைந்தும் சிலநாள் மெதுவாகவும் செல்லும். புவிக்கு மிகத் தொலைவான நிலையிலிருந்து மீண்டும் அந்நிலையை அடைய ஏறத்தாழ 27½ நாள் செல்லும். ஒன்பது சுற்றுக்கு 248 நாள். ஆகவே 248 நாளுக்குரிய நிலைகளை ஒருமுறை கணித்து வைத்தாற் போதும். அவையே மீண்டும் வரும். இவையே சந்திர வாக்கியங்கள். க, ட, ப, ய ஆகியவற்றை ஒன்றெனக் கொண்டு எழுத்துக்கு எண் வழங்கும் கடபயாதி முறையில், ஒவ்வொரு நிலையும் ஒரு சிறு சொற்றொடராயிற்று. 248 நாள் என்பது மிகச் சிறிதளவு கூடுதலாதலால், 110 சுற்றுக்கு 3031 நாள், 449 சுற்றுக்கு 12372 நாள் என்னும் பேரெண்களும் வேண்டப்பட்டன. கழிந்த நாட்டொகையை இவற்றாற் பெரியதிலிருந்து முறையே வகுத்து, இறுதியில் எஞ்சும் எண்ணுக்குரிய வாக்கியத்தை எடுப்பதே கணிதரின் தொழில். கூட்டல், கழித்தல், வகுத்தல் என்பவற்றுக்குச் சோழியே போதும்.

248, 3031 என்னும் எண்கள் தமிழருக்கு மட்டும் உரியனவுமல்ல. பபிலோனிய, கிரேக்க வானியலிலும் அவை வழங்கியமையை நொய்கபவர் 1952இல் எழுதிய கட்டுரையிற் காட்டினார். எண்கள் எவ்வளவு தூரம் பயணஞ் செய்தன என்பது வியப்புக்குரியதே.

கணிதரின் நினைவாற்றலைக் குறைகூற இடமில்லை. குறை, வாய்பாட்டை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் பணி கைவிடப்பட்டமையேயாகும். தென்னகத்தில் அப்பணி முன்னர் இல்லாததன்று. கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களை அவதானித்து, பழைய கணிப்பைத் திருத்தி 1431இல் 'திருக்கணிதம்' இயற்றினார். யாழ்ப்பாணத்தில் இன்றும் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் அருகருகே வழங்குகின்றன. திதி முடியும் நேரம் இரண்டிலும் வேறுபடும் வேளைகளில், விரதத்தை எந்நாளில் அனுட்டிப்பது என்ற வினா இல்லங்களில் எழுகின்றது.