ஈய முத்திரையின் விலை

விரிகுளம்பு உடையனவாய் அசைபோடும் விலங்குகளையே உண்ணலாம். துடுப்பும் செதிலும் உள்ள மீன்களையே உண்ணலாம். குட்டியை அதன் தாயின் பாலில் சமைத்தலாகாது. லேவியர் நூலிலும் விடுதலைப் பயண நூலிலும் நாம் வாசிக்கும் இவ்விதிகளுக்கு இசைந்த உணவையே யூதர் ‘கோஷர்’ என்கின்றனர். ஆனால் கடையில் தொங்கும் கோழி முறைப்படி அறுக்கப்பட்டதா என்பதை அதைப் பார்த்து அறிய இயலாது. ஆகவே சட்டத்தோடு ஒரு சாட்சியும் தேவைப்படுகிறார். அந்தச் சாட்சிக்குப் படியளப்பவர் யார்?

கிழக்கு ஐரோப்பியச் சிற்றூர்களில் அறுப்பவரை ஊரே அறிந்திருந்தது. 1880களில் நியூயார்க்கில் குடியேறியோர் பெருகியபோது அந்த அறிமுகம் அற்றுப்போயிற்று. கோஷர் என்று பலகை மாட்டியவரை எல்லாம் நம்ப முடியவில்லை. இதனைச் சீர்செய்ய விரும்பிய தொழுகைக்கூடங்கள் பல இணைந்து, வில்னா நகரின் புகழ்பெற்ற மறையுரையாளர் ரபி ஜேக்கப் ஜோசப்பை 1888-இல் தலைமை ரபியாக அழைத்துவந்தன. அவர் கண்காணிப்பாளர்களை அமர்த்தினார். முறைப்படி அறுத்த கோழிக்கு ஈய முத்திரை கட்டச் செய்தார். முத்திரைக்கு ஒரு சென்ட். அதை வாங்குபவரே தரவேண்டும்.

அந்த ஒரு சென்ட்தான் வினையாயிற்று. ரஷ்யப் பேரரசில் கோஷர் இறைச்சிமீது ‘கரோப்கா’ என்னும் வரி ஏழைகளை வாட்டியிருந்தது. அதற்குத் தப்பிக் கப்பலேறியவர்கள் தங்கள் ரபியின் முத்திரையிலும் அந்த வரியையே கண்டனர். இல்லத்தரசியர் வெகுண்டனர், கசாப்புக்காரர் எதிர்த்தனர், வேறு ரபிகள் அவர்தம் தலைமையை ஏற்க மறுத்தனர். சங்கத்தின் நிதி வற்றியபின் அவருடைய ஊதியத்தைக் கசாப்புக்காரரே தரும் நிலை வந்தது. கண்காணிக்கப்படுவோர் கையில் கண்காணிப்பவரின் பிழைப்பு! பின்னர் அதுவும் நின்றது. பக்கவாதத்தில் வீழ்ந்து, 1902-இல் வறுமையில் இறந்தார். அவர் வாழ்ந்தபோது ஒரு சென்ட்டுக்கு மனமில்லாத நகரத்தில், இறுதி ஊர்வலத்திற்குப் பல்லாயிரவர் திரண்டனர். பங்குப்பணியில் இருப்போர்க்கு இக்காட்சி முற்றிலும் புதிதன்று.

ஆலை உணவு பெருகியபோது வேறொரு வழி பிறந்தது. 1898-இல் தோன்றிய ‘ஆர்த்தடாக்ஸ் யூனியன்’ என்னும் யூதச் சபைகளின் கூட்டமைப்பு, 1923-இல் ஹைன்ஸ் நிறுவனத்தின் இறைச்சி கலவாத டப்பா பீன்ஸுக்குச் சான்றளித்தது. வட்டத்துக்குள் ‘யு’ எழுத்து அதன் அடையாளமாயிற்று. இம்முறையில் கட்டணம் செலுத்துவது உற்பத்தியாளர். வாங்குபவர் கண்ணுக்குத் தனியே ஒரு சென்ட் தெரிவதில்லை.

சாட்சிக்கு இப்போது வேதியியலும் வேண்டியதாயிற்று. அட்லாண்டாவின் ரபி டோபியாஸ் கெஃபன், இரகசியம் காப்பதாக வாக்களித்து, கொக்கோ கோலாவின் மூலப்பொருட்களை அறிந்தார். விலங்குக் கொழுப்பிலிருந்து எடுத்த கிளிசரின் அதில் மிகச் சிறிதளவு இருந்தது. விலக்கப்பட்ட பொருள் தவறுதலாக விழுந்து, மற்றவை அதைப்போல் அறுபது மடங்கு இருந்தால் பொதுவாக உணவு கெடாது என்பது ரபிகளின் மரபு. தெரிந்தே சேர்ப்பதற்கு அச்சலுகை இல்லை என்றார் கெஃபன். நிறுவனம் தாவர எண்ணெய்க் கிளிசரினுக்கு மாறியது. 1935-இல் அவர் இசைவுத் தீர்ப்பு எழுதினார். கொடுத்த வாக்கின்படி, அப்பொருளை மறைபெயராலேயே குறித்தார்.

இன்று ‘மஷ்கியாஹ்’ எனப்படும் மேற்பார்வையாளர் பல ஆலைகளுக்கு முன்னறிவிப்பின்றி வருகிறார். கிடங்கிலுள்ள மூலப்பொருட்களைப் பட்டியலோடு ஒப்பிடுகிறார். விலக்கப்பட்டதைக் கொதிக்கவைத்த கலன், இருபத்துநான்கு மணிநேரம் ஓய்ந்தபின் கொதிநீரால் தூய்மையாக்கப்பட்டதா என்று பார்க்கிறார். அவருடைய ஊதியத்தை ஆலை நேரே கொடாமல் சான்றளிக்கும் அமைப்பே கொடுப்பது முறை. அந்த அமைப்புக்குப் பணம் தருவது அதே ஆலைதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.